காணாமல் போன ஆஸ்போர்ன்

முதல்லயே சொல்லிடறேன், இது சமையல் குறிப்பு இல்லை. பிஸ்கட்னு பார்த்ததும் 'வெண்ணெய் எத்தனை கப்?'னு கேட்டுக்கிட்டு வராதீங்க மக்களே :-) இது ஒரு பிஸ்கட்டோட வரலாறு. சரியாச் சொன்னா, ஒரு பிஸ்கட் எப்படிக் காணாமப் போகுதுங்கிற வரலாறு.

2007-ல் வேலை விஷயமா இங்கிலாந்து வந்தப்ப எனக்கு வாய்ச்ச ஊர் ரெட்டிங். லண்டனுக்கு மேற்கே, ரயில்ல அரை மணி நேரம். எழுத்தைப் பார்த்தா ரீடிங்னுதான் வாயில வரும். நானும் அப்படியே சொல்லி டிக்கெட் கேட்டேன். கவுண்டர்ல இருந்தவர் பொறுமையா ரெண்டு தடவை 'ரெட்டிங்'னு திருத்திட்டு அப்புறம்தான் டிக்கெட்டைக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. வயசு 76, தனியா இருந்தாங்க. எந்தக் கிழமை எந்தக் கலர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கணும்னு சொல்லிக்கொடுத்ததுல ஆரம்பிச்ச பழக்கம், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவங்க வீட்டுல டீ குடிக்கிற வரைக்கும் வளர்ந்துடுச்சு. அப்படி ஒரு ஞாயிறுதான் கேட்டாங்க.

"கடைக்குப் போறப்ப ஆஸ்போர்ன் பிஸ்கட் இருந்தா ஒரு பாக்கெட் எடுத்துட்டு வா டியர்."

மூணு சூப்பர்மார்க்கெட் ஏறி இறங்கினேன். எங்கேயும் இல்லை. ஒரு கடையில அலமாரி அடுக்கிட்டிருந்த பையன், அது பிஸ்கட் பேரான்னு என்னையே திருப்பிக் கேட்டான். வெறுங்கையோட வந்து விஷயத்தைச் சொன்னா பாட்டி சிரிக்கிறாங்க.

"கிடைக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கணும் இல்லையா?"

எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். மழையில அலைஞ்சவன் நானாச்சே. ஆனா அந்த ஒரு பேரை எதுக்காக இப்படிப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு தோண்ட ஆரம்பிச்சதுல நான் குடியிருந்த ஊரோட கதையே வெளியே வந்தது.

ஒரு காலத்துல ரெட்டிங்குக்கு மூணு 'பி' ஊர்னு பேராம். பீர், பல்ப், பிஸ்கட். பல்ப்னா எரியற பல்ப் இல்லீங்க, பூச்செடிக் கிழங்கு. பீருக்கு சிமண்ட்ஸ், கிழங்குக்கும் விதைக்கும் சட்டன்ஸ், பிஸ்கட்டுக்கு ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ்.

மூணாவதுதான் நம்ம ஆளு. 1822-ல் ஜோசப் ஹன்ட்லி என்ற குவேக்கர் கிறிஸ்தவர் லண்டன் தெருவில ஒரு சின்ன பேக்கரி போட்டார். எதிர்ல கிரவுன்னு ஒரு சத்திரம். லண்டனுக்கும் பாத் நகரத்துக்கும் போற கோச் வண்டிங்க அங்க நின்னு போகும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல வண்டி நின்னதும் முறுக்கு, கடலைமிட்டாய் ஜன்னல் வழியா வருமே, அதே வியாபாரம்தான். ஒரே பிரச்சனை, கோச் வண்டி ஆடுற ஆட்டத்துல பிஸ்கட் தூளாயிடும். ஜோசப்பின் மகன், அவர் பேரும் ஜோசப், தகர வேலை தெரிஞ்சவர். அவர் தகர டப்பா செஞ்சு கொடுத்தார். ஆக பிஸ்கட் டின் வந்ததே பிஸ்கட் உடையாம இருக்கிறதுக்குத்தான். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

1841-ல் ஜார்ஜ் பாமர் கூட்டுச் சேர்ந்தார். இவர்தான் மூளை. 1846-ல் கிங்ஸ் ரோட்டுல, கென்னட் ஆத்தங்கரையில, நீராவி மெஷின்களோட தொழிற்சாலை. மாவு பிசையறதுல இருந்து அச்சுல வெட்டற வரைக்கும் மெஷின் வேலை. 1900 வாக்கில் 5,000 பேருக்கு மேல வேலை பார்த்தாங்க, 400 வகை பிஸ்கட் செஞ்சாங்க, உலகத்திலேயே பெரிய பிஸ்கட் கம்பெனி அதுதான். தொழிற்சாலைக்குள்ளேயே தனி ரயில் பாதை ஓடியிருக்கு. ஸ்காட் 1910-ல் தென் துருவத்துக்குக் கிளம்பினப்ப கூடப் போனது இந்த பிஸ்கட்தான். ஊர் கால்பந்து அணிக்கே 'பிஸ்கட்மென்'னு பட்டப்பேர்.

தொழிற்சாலையை ஒட்டியே ரெட்டிங் சிறைச்சாலை. 1895-ல் இருந்து 1897 வரைக்கும் ஆஸ்கர் வைல்ட் அடைபட்டுக் கிடந்தது அங்கேதான். சிறைச் சாப்பாட்டைத் தட்டுல வச்சுக்கிட்டு, சுவத்துக்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்கா பிஸ்கட் வேகற வாசனையை மோந்துக்கிட்டு... கோர்ட்டு கொடுக்காத தண்டனை அது.

இந்த 400-ல் ஒண்ணுதான் ஆஸ்போர்ன். 1860-ல் வந்தது. ஐல் ஆஃப் வைட் தீவுல விக்டோரியா ராணிக்கு இருந்த மாளிகை ஆஸ்போர்ன், அந்தப் பேரையே வச்சுட்டாங்க. கிரீம் கிடையாது, சாக்லேட் கிடையாது, திராட்சை கிடையாது. லேசான இனிப்பு, மொறுமொறுப்பு, அவ்வளவுதான். அந்தக் காலத்துல மத்தியான சாப்பாட்டுக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் நடுவுல டீ குடிக்கிற பழக்கம் இங்கே வேரூன்றிக்கிட்டு இருந்தது. வயித்தை அடைக்காம டீயோட போறதுக்கு ஒண்ணு வேணும். ஆஸ்போர்ன் அதுக்காகவே பிறந்த மாதிரி.

இப்ப கொஞ்சம் லண்டன் பக்கம் போயிட்டு வரணும். தேம்ஸ் நதிக்குத் தென்கரையில பெர்மண்ட்சின்னு ஒரு பேட்டை. அங்க ஜேம்ஸ் பீக் என்ற டீ வியாபாரியும் ஜார்ஜ் ஹெண்டர் ஃப்ரீன் என்பவரும் சேர்ந்து 1857-ல் பீக் ஃப்ரீன் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. டீ விக்கிறவர் பிஸ்கட்டும் விக்கறது நல்ல கணக்குதானே. கார்லைல் நகரத்து கார் பிஸ்கட் குடும்பத்துல இருந்து ஜான் கார் வந்து சேர்ந்ததும் கம்பெனி சூடு பிடிச்சது. 1861-ல் கரிபால்டி. 1874-ல், விக்டோரியா ராணியின் ரெண்டாவது மகன் ஆல்ஃப்ரெட் ரஷ்ய ஜார் மன்னரின் மகள் மரியாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப, அந்தப் பொண்ணு பேர்ல ஒரு பிஸ்கட். ஆமாங்க, காய்ச்சல் வந்தா நமக்கெல்லாம் டீயில நனைச்சு கொடுப்பாங்களே, அந்த மேரியேதான்! 1910-ல் போர்பன். நாம பிரிட்டானியா பேர்ல சாப்பிட்டதெல்லாம் பெர்மண்ட்சியில பிறந்த சரக்கு. 1892-ல் கல்கத்தாவில 295 ரூபாய் முதல்ல ஆரம்பிச்ச பிரிட்டானியாவில் 1924-ல் பீக் ஃப்ரீன் பெரும்பங்கு வாங்கினது. அந்த வழியா வந்த வாரிசு.

ரெட்டிங்கும் பெர்மண்ட்சியும் நம்ம ஊர் ரசிகர் மன்றங்கள் மாதிரி போட்டி போட்டுக்கிட்டிருந்த காலம் அது. முதல் உலகப் போர் முடிஞ்சு வியாபாரம் படுத்ததும் 1921-ல் ரெண்டு கம்பெனியும் அசோசியேட்டட் பிஸ்கட்னு ஒரே குடைக்குள்ள வந்துட்டாங்க. பேர் தனித்தனி, தொழிற்சாலை தனித்தனி, முதலாளி மட்டும் ஒண்ணு. 1960-ல் ஜேக்கப்ஸும் சேர்ந்தது. இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்துல மெக்விட்டியும் மக்ஃபார்லேன் லாங்கும் 1948-ல் சேர்ந்து யுனைடெட் பிஸ்கட்ஸ் ஆனாங்க. அவங்க 1962-ல் கிராஃபோர்டை வாங்கி, 1972-ல் கார்லைல் காரையும் வாங்கினாங்க.

ரெட்டிங் தொழிற்சாலையில 1976-ல் பிஸ்கட் வேகறது நின்னது. கால்பந்து அணி பட்டப்பேரை 'ராயல்ஸ்'னு மாத்திக்கிச்சு. பிஸ்கட்டே இல்லாத ஊர்ல பிஸ்கட்மென் எதுக்கு? 1982-ல் மொத்தக் கூட்டத்தையும் அமெரிக்காவின் நபிஸ்கோ வாங்கினது. 1989-ல் அதோட ஐரோப்பிய வியாபாரம், பின்னாளில் டனோன்னு பேர் மாத்திக்கிட்ட பிரெஞ்சு கம்பெனி கைக்குப் போனது. அதே 1989-ல் பெர்மண்ட்சி தொழிற்சாலையும் மூடியாச்சு. 2004-ல் டனோன் ஜேக்கப்ஸை யுனைடெட் பிஸ்கட்ஸுக்கே வித்தது. 2014-ல் யுனைடெட் பிஸ்கட்ஸையே துருக்கியின் யில்டிஸ் வாங்கிடுச்சு. தலை சுத்துதா? எனக்கும்தான். தாளை எடுத்துக் கோடு போட்டுத்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன்.

இந்தக் கோட்டுக்கு நடுவுலதான் ஆஸ்போர்ன் மாதிரி ஆளுங்க செத்துப் போறாங்க. 'ஜனங்களுக்குப் பிடிக்கல, அதான் நிறுத்திட்டாங்க'ன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அது பாதிதான் நிஜம். ஒரே முதலாளிகிட்ட ரெண்டு சாதா பிஸ்கட் இருந்தா, ரெண்டுக்கும் தனியா விளம்பரம், தனியா கவர் எதுக்கு? அப்புறம் ஓவன். நீளமா சுரங்கம் மாதிரி இருக்கும், பெல்ட்டுல பிஸ்கட் ஒரு பக்கம் மாவா நுழைஞ்சு மறுபக்கம் வெந்து வரும். நாள் முழுக்க ஒரே வகை ஓடினாத்தான் கட்டுப்படியாகும். அச்சை மாத்த நிறுத்துற ஒவ்வொரு தடவையும் நஷ்டம். 400 வகைங்கிறது பெருமையா இருந்த காலம் போய், அதுவே நோயாத் தெரிய ஆரம்பிச்சது. போதாததுக்கு சூப்பர்மார்க்கெட்காரங்க. அலமாரியில பாதி இடத்துல அவங்க சொந்த லேபிள் பிஸ்கட்டை வச்சுட்டு, மீதி இடத்துக்கு மத்தவங்களை அடிச்சுக்க விட்டுட்டாங்க. அந்தச் சண்டையில டைஜெஸ்டிவ் ஜெயிக்கும். ஆஸ்போர்ன் ஜெயிக்குமா?

பேர் மட்டும் திரும்பி வர்றதும் உண்டு. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பேரை 2006-ல் சஃபோக் பக்கத்துல சட்பரியில மறுபடி தூக்கி நிறுத்தினாங்க. ஜேக்கப்ஸின் ட்ரையோ 2003-ல் போய், ரசிகருங்க விடாம கேட்டதுல 2016-ல் திரும்பினது. 1970-ல் வந்த பிரேக்அவேயை 2024-ல் நிறுத்தினப்ப பேப்பர்ல எல்லாம் இரங்கல் செய்தி மாதிரி எழுதினாங்க. இந்த ஊர் ஜனங்க அரசாங்கம் கவிழ்ந்தா கூட அமைதியா இருப்பாங்க, பிஸ்கட்டைத் தொட்டா விட மாட்டாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல கார்லைல் தொழிற்சாலைக்குள்ள தண்ணி புகுந்து இஞ்சி பிஸ்கட், கஸ்டர்ட் கிரீம் எல்லாம் கடையில காலியானப்ப நானே பார்த்தேன். கடைசி பாக்கெட்டுக்கு ரெண்டு பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் 'நீங்க எடுத்துக்குங்க'ன்னு மரியாதையா உபசரிச்சுக்கிட்டு, ரெண்டு பேருமே கையை விடாம நின்னாங்க.

சரி, பாட்டிகிட்ட வருவோம்.

ஆஸ்போர்ன் கிடைக்கல, அதோட சொந்தக்காரன் மேரியாவது வாங்கிட்டுப் போகலாம்னு பார்த்தா, அந்த மூணு சூப்பர்மார்க்கெட்லயும் மேரியும் இல்லை! பிறந்த நாட்டுல ஆள் இல்ல. கடைசியில நம்ம யாழ்ப்பாணத்து அண்ணன் கடைக்குப் போனேன். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குப் பக்கத்துல அடுக்கடுக்கா இருக்கு.

"மேரியோ? மலிபன் இருக்கு, மஞ்சி இருக்கு, பிரிட்டானியாவும் இருக்கு. எது வேணும் அண்ணை?"

மலிபன் 1954-ல் ஆரம்பிச்ச கொழும்பு கம்பெனி. லண்டன்ல ரஷ்ய இளவரசி பேர்ல பிறந்து, கொழும்புல செஞ்சு, கப்பல் ஏறி மறுபடி இங்கிலாந்துக்கே வந்து, தமிழர் கடையில உட்கார்ந்திருக்கு. அதை வாங்கிட்டுப் போய் நீட்டினேன்.

அப்பதான் பாட்டி இத்தனை நாள் சொல்லாத விஷயத்தைச் சொன்னாங்க. 1946-ல், 15 வயசுல, ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ்ல பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவங்களாம். கல்யாணம், குழந்தைன்னு நடுவுல நின்னுட்டு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனதும் சாயந்திர ஷிஃப்டுக்குத் திரும்பப் போயிருக்காங்க. மேரியை வாங்கிக் கையில திருப்பினாங்க. சாப்பிடல. முதல்ல அடிப்பக்கம் நிறத்தைப் பார்த்தாங்க. ஓட்டைங்களை விரலால தடவினாங்க. அந்த ஓட்டை அலங்காரத்துக்கு இல்லையாம், உள்ளே இருக்கிற ஆவி வெளியேறாட்டி பிஸ்கட் பூரி மாதிரி உப்பிடுமாம். அப்புறம் காதுகிட்ட வச்சு ஒடிச்சாங்க. 'டக்'.

"நல்ல பிஸ்கட். ஆனா இது பெர்மண்ட்சிக்காரங்க சரக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கல. "நீங்க பிறக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சே"ன்னேன், புதுசா படிச்ச திமிர்ல.

"அது கணக்குப் புத்தகத்துல டியர். பேக்கிங் மேசையில இல்ல. எங்களோடது 1860. அவங்க 14 வருஷம் கழிச்சு எங்களைப் பார்த்துப் பண்ணினது."

இதுக்கு ஆதாரம் கேட்கிற தைரியம் எனக்கு வரல. "சரி, ஆஸ்போர்ன் இதே ருசியா?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

"முழு ஆஸ்போர்னை நான் சாப்பிட்டது ரொம்பக் குறைச்சல்."

நிஜந்தானே. முழுசா இருக்கிறது டின்னுக்குள்ள போகும், டின் கப்பல்ல போகும். தொழிலாளி வீட்டுக்கு வர்றது உடைஞ்சது. அவங்க வேலைக்குச் சேர்ந்த காலத்துல போர் முடிஞ்சும் ரேஷன் முடியல, பிஸ்கட்டுக்கு 1950 வரைக்கும் பாயிண்ட்ஸ் கணக்கு. உடைஞ்ச பிஸ்கட் பை கிடைச்சா வீட்டுல திருவிழா. அதுக்கப்புறமும் மளிகைக் கடையில கண்ணாடி மூடி போட்ட பெரிய டின்னுல இருந்து எடை போட்டுத்தான் பிஸ்கட் விப்பாங்க. அடியில மிஞ்சின உடைசலைக் குறைஞ்ச விலைக்குத் தருவாங்க. இஞ்சி பிஸ்கட் துண்டு, கிரீம் ஒட்டின அரை கஸ்டர்ட் கிரீம், கரிபால்டி மூலை, நடுவுல ஆஸ்போர்ன். சொந்தமா வாசனை இல்லாத பிஸ்கட்டாச்சே, பக்கத்துல இருக்கிறவன் வாசனையை எல்லாம் வாங்கி வச்சுக்கும். பாக்கெட் பாக்கெட்டா விக்க ஆரம்பிச்சதும் அந்தக் கலப்பு போச்சு. இஞ்சி இஞ்சியாவே இருக்கு, மேரி மேரியாவே இருக்கு.

அடுத்த ஞாயிறு போனா, மேசை மேல பழைய ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் டின் ஒண்ணு. பூப்போட்ட மூடி, ஓரமெல்லாம் துரு. நான் வாங்கிக் கொடுத்த மேரி பாக்கெட்டை முழுசா உடைச்சு, இஞ்சி பிஸ்கட்டையும் கஸ்டர்ட் கிரீமையும் உடைச்சு, ஒண்ணாப் போட்டுக் குலுக்கி ஒரு வாரம் மூடி வச்சிருக்காங்க. உடையாம இருக்கக் கண்டுபிடிச்ச டப்பாவில! ஒரு மேரித் துண்டை எடுத்து டீயில நனைச்சு வாயில போட்டுக்கிட்டாங்க. கண்ணை மூடினாங்க. நான் ஒண்ணும் கேட்கல. எனக்கும் ஒரு துண்டு தந்தாங்க. இஞ்சி கொஞ்சம், வனிலா கொஞ்சம், லேசா தகர வாசனை. என்னைக் கேட்டா சுமார்தான். பாட்டி நாலு துண்டு சாப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் மாசம் ரெண்டு பாக்கெட் மேரி என் கணக்கு. யாழ்ப்பாணத்து அண்ணன், "வெள்ளைக்கார அம்மாவுக்கோ?"ன்னு கேட்டு எடுத்தே வச்சிருப்பார். 2013-ல் பாட்டி போய்ச் சேர்ந்தாங்க. வீட்டைக் காலி பண்ண வந்த மகள் அந்த டின்னை என்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க. இப்ப அதுல முறுக்கு இருக்கு. இஞ்சி வாசனை அடிக்குதுன்னு வீட்டுல புகார். எத்தனை தடவை கழுவினாலும் போக மாட்டேங்குது.

ரெட்டிங்ல புதுசா எங்கேயாவது சூப்பர்மார்க்கெட் திறந்தா உள்ளே போய் ஒரு தடவை 'ஆஸ்போர்ன் இருக்கா?'ன்னு கேட்டுட்டு வர்றேன். போன மாசம் கேட்டப்ப அங்கிருந்த பொண்ணு அக்கறையா செல்போன்ல தேடிப் பார்த்துட்டு, "அது பிஸ்கட் இல்ல சார், ஐல் ஆஃப் வைட்ல இருக்கிற ஒரு மாளிகை. டிக்கெட் ஆன்லைன்லயே எடுத்துக்கலாம்"னு சொல்லிச்சு.